பத்துமலையும் நிலத்தடிக் கணக்கும்

பத்துமலை என்றதும் தமிழர் நெஞ்சில் எழுவன முருகன் கோயிலும் தைப்பூசமுமே. 1891ஆம் ஆண்டில் தம்புசாமிப் பிள்ளை அக்கோயிலை நிறுவினார். மறு ஆண்டே தைப்பூச விழா தொடங்கிற்று. அதற்கு முன்னர், 1878இல், அமெரிக்க இயற்கை ஆய்வாளர் வில்லியம் ஹார்னடே இக்குகைகளை வெளியுலகுக்கு அறிவித்தார். தெமுவான் மக்களோ அவருக்கும் முன்பே இவற்றை அறிந்திருந்தனர். ஆயினும், குகையின் வரலாறு இவர்கள் அனைவருக்கும் மூத்தது. அதனை எழுதியது நீர்.

இம்மலையின் சுண்ணாம்புப் பாறை ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமை வாய்ந்தது. மழைநீர் மண்ணில் இறங்குகையில் அங்குள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகிறது. பாறைப் பிளவுகளில் புகுந்து சுண்ணாம்பைக் கரைக்கிறது. கரையக் கரையப் பிளவு அகலும். அகல அகல நீரோட்டம் பெருகும். அதனால் கரைதல் மேலும் வளரும். அந்நீரே குகைக் கூரையில் சொட்டும்போது வாயு பிரிந்து, சுண்ணாம்பு படிந்து விழுதாகத் தொங்குகிறது. குளிர்ந்த நீர் வாயுவை மிகுதியாக ஏற்குமாதலின் வெப்பமும் இதில் பங்கு கொள்கிறது. இவ்வாறு வெப்பம், நீரோட்டம், வேதிவினை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று மாற்றியபடியே இயங்குகின்றன.

இயற்கை பிணைத்து வைத்தவற்றை அறிஞர் தனித்தனியாகவே கண்டனர். வெப்பம் பரவும் விதியைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே 1822இல் வகுத்தார். கரைபொருள் பரவும் விதியைச் செருமானிய உடலியல் அறிஞர் ஃபிக் 1855இல் கூறினார். மணலினூடே நீர் செல்லும் விதியை, டிஜோன் நகருக்குக் குடிநீர் வழங்கிய பொறியாளர் டார்சி 1856இல் வெளியிட்டார். இவற்றை ஒருங்கே கணக்கிடக் கணிப்பொறியின் துணை வேண்டியிருந்தது. கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ஸ்டன் புரூஸ் உருவாக்கிய 'டஃப்' என்னும் நிரல், 1987இல் வெப்பத்தையும் நீரோட்டத்தையும் இணைத்தது. வேதிவினையையும் சேர்த்த 'டஃப்ரியாக்ட்' 2004இல் வெளிவந்தது.

இத்தகைய நிரல்களை நூலறிவால் மட்டும் கைக்கொள்ளல் அரிது. எனவே செய்முறைப் பயிற்சி இன்றியமையாததாயிற்று. பயில்வோர் நிலத்தடியைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் வெப்பநிலை, அழுத்தம், பாறையின் நுண்துளை அளவு, கனிமம் ஆகியவற்றைக் குறிப்பர். கணிப்பொறி காலத்தைச் சிறு படிகளாக்கி முதலில் வெப்பத்தையும் ஓட்டத்தையும், பின்னர்க் கரைபொருளின் பெயர்ச்சியையும், அதன்பின் வேதிவினையையும் கணக்கிடும். விடை தெரிந்த எளிய கணக்கில் தொடங்குவதே முறை. ஓர் எண்ணை மாற்றினால் விடை எவ்வாறு பிறழ்கிறது என்பதைத் தம் கையாலேயே கண்டவர், கணிப்பொறி காட்டும் வண்ணப் படத்தைக் கண்மூடி நம்பார்.

அவ்விழிப்பு நம் தலைநகருக்கு மிகவும் தேவை. கோலாலம்பூரின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறையின்மீதே அமைந்துள்ளது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களுக்காகத் துளையிட்டு ஆராய்ந்தபோது, அரிக்கப்பட்ட சுண்ணாம்புப் பாறை கண்டறியப்பட்டு, கட்டட இடமே ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி மாற்றப்பட்டது. துளையிடுதல் சில இடங்களை மட்டுமே காட்டும். இடைப்பட்டவற்றை ஊகிக்கக் கணக்கு உதவும். கணக்கின் மெய்ம்மையை மீண்டும் துளையே உரைக்கும்.

பத்துமலையின் படியேறும் மாணவர், தலைக்குமேல் தொங்கும் கல்விழுதைச் சற்றே நின்று நோக்கட்டும். காலடியில் மறைந்து நிகழ்வதன் கண்கண்ட சான்று அதுவே. அதனைக் கணக்கிடக் கற்கும் கைகள் நம் பள்ளிகளிலிருந்தும் எழுதல் வேண்டும்.