இருகப்பர் விட்ட பணம்

கையில் காசு சேர்ந்தவர்களுக்குக் கலைமேல் ஆசை வருவது உலக வழக்கம். ஜெர்மனியில் 1882-இல் பிறந்த எட்வர்ட் ஃபான் டெர் ஹைட் வங்கி நடத்திப் பொருள் ஈட்டினார். ஆசியா, ஆப்பிரிக்கா என்று கண்டம் கண்டமாகச் சிற்பங்களை வாங்கிக் குவித்தார். சேர்த்ததைச் சூரிக் நகரத்துக்கே கொடுத்துவிட்டார்; 1952-இல் ரீட்பெர்க் அருங்காட்சியகம் திறந்தது. நம் சோழர் காலத்து நடராசர் ஒருவர் இன்று அங்கேதான் ஆடிக்கொண்டிருக்கிறார்.

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துக்கு வாய்த்த செல்வர் வேறு மாதிரி. இருகப்பர் வங்கியாளர் அல்லர். விஜயநகர மன்னர் இரண்டாம் ஹரிஹரரின் அமைச்சர், தண்டநாயகர். அவருக்கு நெடுங்காலம் முன்பே பருத்திக்குன்றத்துச் சமண முனிவர் வஜ்ரநந்திக்குப் பல்லவர் கொடை தந்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு சொல்கிறது. சோழர் கொடைகளும் உண்டு. ஆக, இருகப்பர் வந்தது பழைய சமணப் பள்ளிக்குத்தான். 1382-இல் மாவண்டூர்ப் பற்றிலிருந்த மகேந்திரமங்கலம் என்னும் ஊரைத் அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலுக்குப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமணக் கோயிலுக்கான கொடையாக, விட்டார். புண்ணியத்தைத் தம் பேரில் எழுதிக்கொள்ளவில்லை. ஹரிஹரரின் மகன் புக்கருக்கு என்றே கல்வெட்டு பேசுகிறது. பிரபவ ஆண்டில், அதாவது 1387-இல், தம் குரு புஷ்பசேனர் சொற்படி அக்கோயிலில் சங்கீத மண்டபத்தைக் கட்டினார். அதற்குச் சற்று முன்புதான் விஜயநகரத்தில் குந்து ஜினநாதர் என்னும் தீர்த்தங்கரருக்குக் கற்கோயில் எடுத்திருந்தார். போருக்கும் நிர்வாகத்துக்கும் நடுவே ‘நாநார்த்த ரத்னமாலா’ என்ற வடமொழி நிகண்டு வேறு! எப்போது தூங்கினாரோ.

மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் ரிஷபர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகிய தீர்த்தங்கரர்களின் வரலாறுகள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. கண்ணன் கதையும் இருக்கிறது, சமணர் சொல்லும் விதத்தில். காட்சிகளுக்கு அடியில் தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் கதையைத் தாமே படித்துக்கொண்டு நடக்கலாம். இன்று காணும் ஓவியங்களில் பெரும்பகுதி பிற்காலத்தார் தீட்டியது. இருகப்பர் காலத்து வண்ணம் கொஞ்சம்தான் மிச்சம். 1934-இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக வந்த டி.என். இராமச்சந்திரனின் நூல் இவற்றைக் காட்சி காட்சியாகப் பதிவு செய்தது. கோயிலைப் பற்றி எழுத உட்காரும் யாரும் அதைத் திறக்காமல் ஒரு வரி நகர முடியாது.

வாங்கிச் சேர்த்த கலை, வாங்கியவர் மனம்போல ஊர் மாறும். கட்டிக் கொடுத்த மண்டபம் ஊரோடு கிடக்கும். ஆனால் சுண்ணப் பூச்சுக்கு மழைக்கசிவும் புகையும் எமன். விழாவுக்கு வருகிறவர்கள் ஓவியங்களுக்குக் கீழே விளக்கேற்ற வேண்டாம், கற்பூரம் கொளுத்த வேண்டாம், எட்டும் இடத்திலும் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.