விறகும் நெருப்பும், சாரநாத் தூணும்

நம்ம ரூபாய் நாணயத்துல இருக்கிற சிங்கங்கள் சாரநாத்லேர்ந்து வந்தது எல்லாருக்கும் தெரியும். சிங்கம் இப்ப மியூசியத்துல. அதைத் தாங்கின அசோகர் தூணோட அடிப்பாகம் மட்டும் பழைய இடத்துலயே நிக்குது.

புத்தர் முதல் உபதேசம் பண்ணின ஊர் அது. அடுத்ததா அங்கேயே அவர் சொன்னது 'அநாத்மா'ன்னு பௌத்த மரபு சொல்லுது. மனுஷன்னா அஞ்சு தொகுதி: உடம்பு, இன்பதுன்ப நுகர்ச்சி, இன்னது இதுன்னு அடையாளம் காண்றது, மனசோட உந்துதல்கள், அறிவு. அஞ்சுமே மாறிக்கிட்டே இருக்கு. பின்னாடி முதலாளின்னு யாரும் கிடையாது.

இதுவரைக்கும் எனக்குச் சுலபமா புரியுது. நாங்க பராமரிக்கிற சாஃப்ட்வேர்ல ஆரம்பத்துல எழுதின கோட் ஒரு வரிகூட மிச்சமில்ல, பேரு மட்டும் அதேதான் :-)

சிக்கல் அடுத்த கேள்வில. முதலாளி இல்லன்னா போன பிறவி வினையை இப்ப அனுபவிக்கிறது யாரு? வாத்சீபுத்திரீயர்னு ஒரு பௌத்தப் பிரிவு, 'புத்கலம்'னு ஒண்ணு இருக்குன்னு சொன்னாங்க. அது அந்த அஞ்சும் இல்லையாம், அஞ்சுலேர்ந்து வேறயும் இல்லையாம். விறகு இல்லாம நெருப்பு இல்ல, அதுக்காக விறகே நெருப்பு ஆயிடுமா? அந்த மாதிரி.

மத்த பௌத்தர்கள் விடுவாங்களா! பாலி மொழி 'கதாவத்து'வோட முதல் வாதமே இந்தக் கருத்துக்கு எதிராத்தான். வசுபந்து தன்னோட 'அபிதர்மகோச'த்தோட கடைசி அத்தியாயத்துல இவங்களை வறுத்தெடுத்தார்.

இவ்வளவு அடி வாங்கினவங்க ஓரமா ஒதுங்கியிருப்பாங்கன்னுதான் நானும் நெனச்சேன். 7ஆம் நூற்றாண்டுல யுவான் சுவாங் சாரநாத்துக்குப் போறார். மடத்துல 1500 பிக்குகள். எல்லாரும் சம்மிதீயர், அதாவது அதே வாத்சீபுத்திரீயரோட கிளை! புத்தர் 'நான்'ங்கிறது இல்லன்னு சொன்ன அதே ஊர்ல.

தூணுக்கு வருவோம். சங்கத்தைப் பிளக்கிறவங்களுக்கு வெள்ளை உடை மாட்டி வெளியே அனுப்பணும்னு அசோகர் அதுல ஆணை வெட்டி வச்சிருக்கார். பின்னாடி குப்தர் கால எழுத்துல, அதே தூண்ல, சம்மிதீய ஆசிரியர்கள் தங்க பேரையும் பொறிச்சுட்டாங்க.

வாதத்துல வசுபந்துதான் கெட்டிக்காரர், மறுக்கல. ஆனா வலிக்கிறப்போ 'யாருக்கு?'ன்னு கேட்டா, எனக்கு விறகு-நெருப்பு பதில்தான் நேர்மையா படுது. அதை இன்னும் விரிவா அவங்க வாயாலேயே கேட்க ஆசைதான். வழியில்ல. அந்தப் பிரிவே இன்னிக்கு இல்ல. அவங்க நூல்கள்ல சீன மொழிபெயர்ப்பா தப்பிச்சது கொஞ்சம். மத்தது பெரும்பாலும், எதிராளிங்க மறுக்கிறதுக்காக எடுத்துச் சொன்னதுதான்.