ஊட்டி சர்ச்சில் திப்புவின் மரம்

மயிலாப்பூர்க்காரர்களுக்குக் கோத்திக் கட்டடம் என்றால் சாந்தோம் தேவாலயம்தான் நினைவுக்கு வரும். அது இன்றைய உருவத்துக்கு வந்தது 1896-இல். அதற்கு அறுபத்தைந்து வருஷம் முன்பே ஊட்டியில் சிறியதாக ஒரு கோத்திக் சர்ச் எழும்பிவிட்டது. அதுதான் செயின்ட் ஸ்டீபன்ஸ்.

1829 ஏப்ரல் 23 அன்று அடிக்கல் நாட்டியவர் சென்னை கவர்னர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன். புனிதருக்கும் கவர்னருக்கும் ஒரே பெயர். தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம்! கட்டியவர் கேப்டன் அண்டர்வுட். 1830 நவம்பர் 5 அன்று அர்ச்சித்து வைக்க கல்கத்தா பிஷப் டர்னர் வரவேண்டியிருந்தது. சென்னைக்கென்று தனி பிஷப் 1835-இல்தான் வந்தார்.

அதே காலத்து வெள்ளைக்காரர்கள் சென்னையில் கட்டியதைப் பாருங்கள். கதீட்ரல் ரோடு செயின்ட் ஜார்ஜ் (1815), எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் (1821), இரண்டிலும் பெரிய பெரிய தூண்கள். ஊட்டியிலோ குளிர், மூடுபனி, சுற்றிலும் மரங்கள். ஊர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தங்கள் கிராமத்துக் கோயில்போல, கூரிய வளைவு ஜன்னல்களோடு அடக்கமாகக் கட்டிக்கொண்டார்கள்.

ஆனால் அந்தக் கூரையைத் தாங்கும் மரம் அவர்கள் ஊர் மரமல்ல. ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து எடுத்த உத்தரங்கள் அவை. திப்பு போரில் மடிந்தது 1799-இல். முப்பது வருஷம் கழித்து அவர் வீட்டு மரம் மலையேறியது. ஊட்டிக்கு ரயில் வந்ததே 1908-இல். அப்படியானால் அத்தனை கனத்தையும் மைசூரிலிருந்து காட்டு வழியே ஏற்றியவர்கள் யார்? நம்மூர்க் கூலிகளும் மாடுகளும்தானே? கவர்னர் பெயர் நமக்குத் தெரிகிறது, கேப்டன் பெயர் தெரிகிறது. கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு இது புதிதல்ல. கையெழுத்துப் போட்டவன் பெயர்தான் காகிதத்தில் நிற்கும்.

எனக்கு இன்னொரு உறுத்தலும் உண்டு. நான் பள்ளியில் பிரெஞ்சு மொழியில் சரித்திரம் படித்தவன். எங்களுக்குத் திப்பு பிரெஞ்சுக்காரர்களின் நேச மன்னர். சென்னைப் பள்ளிகளில் படித்த நண்பர்களுக்கு அவர் ஆங்கிலேயரின் எதிரி. ஆள் ஒருவர்தான்!

பின்புறச் சரிவில் கல்லறைத் தோட்டம். ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். சல்லிவன் மட்டும் இங்கிலாந்தில்.

அடுத்த முறை பேரப்பிள்ளைகளோடு ஊட்டிக்குப் போனால், படகு சவாரி முடிந்து ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். உள்ளே போய், பலிபீடத்தைப் பார்க்கும் முன் ஒரு தடவை மேலே அண்ணாந்து பாருங்கள்.