காகிதத்தில் இருப்பதைத்தான் மேல்முறையீடு படிக்கும்

1999 டிசம்பர் 3 அன்று டெல்லி அமர்வு நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கில் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்தான் இதைச் செய்தவர் என்று தனக்குத் தெரியும் என நீதிபதி ஜி.பி. தரேஜா எழுதினார். ஆனாலும் சந்தேகத்தின் பலனை அளித்து அவரை விடுதலை செய்வதாகவும் அதே தீர்ப்பில் எழுதினார்.

பிரியதர்ஷினி மட்டூ வழக்கு என்ற பெயர் சட்டம் படிக்கும் தோழர்களுக்குத் தெரிந்திருக்கும். அதைக் கொலை வழக்காகவே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை தந்த வழக்காகவும் அதை நாம் படிக்க வேண்டும். ஏனெனில் கொலைக்கு முந்தைய ஓராண்டு முழுவதும் அந்தப் பெண் புகார் எழுதிக்கொண்டே இருந்தார்.

பிரியதர்ஷினி டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கேம்பஸ் லா சென்டர் மாணவி. அங்கேயே படித்த சந்தோஷ் குமார் சிங் அவரை விடாமல் பின்தொடர்ந்தார். சிங்கின் தந்தை புதுச்சேரியில் காவல்துறை உயர் அதிகாரி; வழக்கு நடந்த காலத்தில் டெல்லி காவல்துறையில் இணை ஆணையர். 1995-இல் ஆர்.கே. புரம், மாரிஸ் நகர், வசந்த் குஞ்ச் காவல் நிலையங்களில் பிரியதர்ஷினி அடுத்தடுத்துப் புகார் கொடுத்தார். கல்லூரி டீனிடமும் எழுதிக் கொடுத்தார். போலீஸ் என்ன செய்தது? இனிமேல் தொல்லை தரமாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியது. அவரோ, இந்தப் பெண் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கிறார் என்று பல்கலைக்கழகத்துக்கு எதிர்ப்புகார் போட்டார். பிரியதர்ஷினியின் தேர்வு முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. புகார் கொடுத்த பெண்ணே பதில் சொல்லும் இடத்தில் நிறுத்தப்படுவதை நம் ஊர்களிலும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

கடைசியில் பாதுகாப்புக்கென ஒரு தலைமைக் காவலர் நியமிக்கப்பட்டார். 1996 ஜனவரி 23 மாலை அந்தக் காவலர் வந்து சேர்வதற்குள், வசந்த் குஞ்சில் மாமா வீட்டில் தங்கியிருந்த பிரியதர்ஷினி பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 25.

இரண்டே நாளில் வழக்கு சிபிஐ-க்கு மாறியது. அப்படியும் விசாரணை நீதிமன்றத்தில் வழக்கு சரிந்தது. டிஎன்ஏ சோதனை முடிவை நீதிபதி ஏற்கவில்லை. வீட்டில் வேலை செய்தவரை அரசுத் தரப்பு சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. டெல்லி காவல்துறையின் நடத்தையைத் தீர்ப்பிலேயே நீதிபதி கண்டித்தார். அந்தத் தவறுகளின் பலன் போய்ச் சேர்ந்தது குற்றவாளிக்கு.

அன்றைய சட்டப்படி, விடுதலையை எதிர்த்துப் பெண்ணின் பெற்றோர் உரிமையோடு மேல்முறையீடு செய்ய வழியில்லை. 2000-இல் சிபிஐ-தான் செய்தது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் அது ஆறு ஆண்டுகள் கிடந்தது. 2006-இல் ஜெசிகா லால் வழக்கில் வந்த விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து டெல்லியில் மக்கள் மெழுகுவத்தி ஏந்திய பிறகு, இந்த வழக்கும் பேசப்பட்டது; அன்றாடம் விசாரிக்கப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 17 அன்று நீதிபதிகள் ஆர்.எஸ். சோதி, பி.கே. பாசின் அமர்வு விடுதலையை ரத்து செய்து, சிங் குற்றவாளி என்றது. அக்டோபர் 30 அன்று மரண தண்டனை விதித்தது. 2010 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்து, தண்டனையை ஆயுளாகக் குறைத்தது.

மேல்முறையீட்டில் புதிதாக ஒரு சாட்சி வந்துவிடவில்லை. இருந்த காகிதங்களையே வேறு நீதிபதிகள் படித்தார்கள். டிஎன்ஏ அறிக்கை, உடைந்த ஹெல்மெட், குற்றவாளியின் கைக்காயம், அவரை வீட்டு வாசலில் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் ஆகியவற்றோடு ஓராண்டுப் புகார்களும் அங்கே இருந்தன. கொலைக்கான நோக்கம் என்ன என்ற கேள்விக்கு அந்தப் புகார்கள் பதில் சொல்லின. உயிரோடு இருந்தபோது அந்தப் பெண்ணைக் காப்பாற்றாத காகிதங்கள், பத்து ஆண்டுகள் கழித்துச் சாட்சி சொல்லின.

இந்த இடத்தில் இன்னொரு தேதியையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். டெல்லியில் அந்தத் தீர்ப்பு வருவதற்கு 18 நாள் முன்பு, 2006 செப்டம்பர் 29 அன்று, மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்டம் கயர்லாஞ்சியில் சுரேகா போட்மாங்கே, மகள் பிரியங்கா, இரண்டு மகன்கள் என தலித் குடும்பத்தின் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். பிரியதர்ஷினி காஷ்மீரி பண்டிட் குடும்பத்துப் பெண். அவருக்குக் கிடைத்த நீதியை நாம் குறைத்துப் பேசவில்லை. அது எல்லாப் பெண்களுக்குமான நீதி. ஆனால் கயர்லாஞ்சிக்காக டெல்லி மெழுகுவத்தி ஏந்தவில்லை. நவம்பரில் விதர்பாவின் தலித் மக்கள் தெருவுக்கு வந்த பிறகே நாடு திரும்பிப் பார்த்தது.

2008-இல் எட்டுப் பேர் தண்டிக்கப்பட்டார்கள். ஆறு பேருக்கு மரண தண்டனை. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒருவருக்கும் தண்டனை இல்லை. 2010 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு மரண தண்டனையை 25 ஆண்டு சிறையாக மாற்றியது. இது பழிவாங்கல், சாதிக் காரணம் இல்லை என்ற முடிவையே அதுவும் எடுத்தது. உயிர் பிழைத்த தந்தை பையாலால் 2017 ஜனவரியில் இறந்தபோதும் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு முடியவில்லை.

இரண்டு மேல்முறையீடுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில், தொல்லையின் வரலாறு காகிதத்தில் இருந்தது, தீர்ப்பில் ஏறியது. மற்றொன்றில், சாதி ஊருக்கே தெரிந்திருந்தது, தீர்ப்பில் ஏறவில்லை.

சட்டம் அதன்பின் மாறியிருக்கிறது. பின்தொடர்தல் 2013-இல் 354டி பிரிவாகத் தனிக் குற்றம் ஆனது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-ஆம் பிரிவு. முதல் முறை 3 ஆண்டு வரை, மறுமுறை 5 ஆண்டு வரை சிறை. முதல் முறை ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதால், மறுபடி நடந்தால் மறுபடியும் புகார் கொடுப்பது முக்கியம். 2009 டிசம்பர் 31 முதல், விடுதலையை எதிர்த்தும், குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டித்ததை எதிர்த்தும் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். 2016-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, கொலை, பாலியல் வன்முறை போன்ற பெருங்குற்றங்களில் சாதிதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர் தலித் என்று தெரிந்தே செய்தார் என்றால் போதும். வன்கொடுமை வழக்கில் உயர் நீதிமன்றம் செல்ல 90 நாள் அவகாசம்.

தொல்லைக்கு ஆளான ஒரு பெண்ணோடு காவல் நிலையம் போகும் தோழர்களே, வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால் அந்தச் சொல் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கை கேளுங்கள். எழுதி வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போகச் சொன்னால், அந்தக் காகிதத்தின் நகலையும் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் இதைச் செய்வது அலுப்பான வேலை. பிரியதர்ஷினி அதைச் செய்திருந்தார்.