ஒரு போர்வைக்குப் பின்னால் எத்தனை வருடம்?

மிச்சம் மீதித் துணிகளைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒன்றோடு ஒன்று ஒட்டுப் போட்டு, அடியில் ஒரு துணி, நடுவில் பஞ்சு என்று மூன்று அடுக்காக வைத்துத் தைக்கும் போர்வைக்கு ஆங்கிலத்தில் குயில்ட் என்று பெயர். வடக்கே போனால் ரஜாய் என்பார்கள். இன்று இது உலகம் முழுக்கப் பெரிய பொழுதுபோக்கு. மாதம் ஒரு கட்டம் தைத்து, பன்னிரண்டு மாதத்தில் பன்னிரண்டு கட்டம் சேர்த்து, வருடக் கடைசியில் ஒரு போர்வையாக முடிப்பது இதில் பிரபலமான ஒரு முறை. 2019 ஜனவரியில் சென்னையிலேயே இதற்கென்று ஒரு திருவிழா நடந்தது.

"இது குளிர் நாட்டுக்காரர்கள் சமாச்சாரம், வேர்த்துக் கொட்டும் சென்னைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று பலருக்கும் தோன்றும். சம்பந்தம் இருக்கிறது. இங்கிலாந்தில் இன்றும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுப் போர்வைகளில் ஒன்று இந்தியத் துணியில் தைக்கப்பட்டது. அந்தத் துணி வியாபாரத்தின் கதையில் முக்கியமான ஒரு திருப்பம் நடந்த இடம், திருவேற்காட்டுக்குப் பக்கத்து ஊரான பூந்தமல்லி!

பூந்தமல்லியில் ஆரம்பித்த பேச்சு

திருவேற்காடு என்றதும் எல்லோருக்கும் கருமாரியம்மன் கோயில் ஞாபகம் வரும். இன்னும் கொஞ்சம் தெரிந்தவர்கள் சம்பந்தர் பாடிய வேதபுரீஸ்வரர் கோயிலையும், அறுபத்து மூவரில் ஒருவரான மூர்க்க நாயனார் பிறந்த ஊர் இது என்பதையும் சொல்வார்கள். ஆனால் இந்தப் பக்கத்து ஊர்களின் துணிக் கதையை அதிகம் பேர் பேசுவதில்லை.

17-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி நம் கடற்கரையைத் தேடி வந்ததற்கு முக்கியக் காரணம் மிளகோ தங்கமோ அல்ல, துணி. வடக்கே ஆர்மகான் என்ற இடத்தில் இருந்த கம்பெனி ஆள் பிரான்சிஸ் டே, நல்ல துணி மலிவாகக் கிடைக்கும் இடம் தேடித் தெற்கே வந்தார். அப்போது இந்தப் பகுதியை ஆண்ட தாமர்லா வெங்கடப்ப நாயக்கரின் தம்பி ஐயப்ப நாயக்கர் இருந்தது பூந்தமல்லியில். ஐரோப்பியர்களைக் கடற்கரைக்கு வரவழைத்துக் குடியமர்த்துவதில் அவர் ஆர்வமாக இருந்தார். மற்ற இடங்களைவிட இங்கே துணி 20 சதவீதம் வரை மலிவு என்று டே தன் மேலிடத்துக்குத் தகவல் அனுப்பினார். 1639-இல் மதராஸ் நிலம் கம்பெனி கைக்கு வந்தது. ஆகஸ்ட் 22-ஐ "சென்னை தினம்" என்று கொண்டாடுகிறோமே, அதற்கு அடிப்படை இதுதான். கோட்டை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது துணி விலை!

இரண்டு வேற்காடுகள்

இங்கே ஒரு சுவையான பெயர் ஒற்றுமை. திருவேற்காடு என்பது வேல மரக்காடு. நான்கு வேதங்களும் வேல மரங்களாக நின்று சிவனை வணங்கிய இடம் என்று தலபுராணம் சொல்கிறது. இதே திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்குக் கோடியில் இன்னொரு வேற்காடு இருக்கிறது, அதுதான் பழவேற்காடு. அங்கே ஆங்கிலேயருக்கு முன்பே டச்சுக்காரர்கள் வந்து, 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுக்கும் தேவை துணிதான். இங்கே துணி வாங்கி, அதைக் கிழக்கே ஜாவா, சுமத்ரா பக்கம் கொண்டு போய்க் கொடுத்து மிளகும் கிராம்பும் வாங்கினார்கள்.

கூவம் கரையில் ஒரு துணிப்பேட்டை

திருவேற்காடு வழியாக ஓடும் கூவம் ஆறு, கோயம்பேடு, அமைந்தகரை, சேத்துப்பட்டு, எழும்பூர் என்று வளைந்து வளைந்து கடலுக்குப் போகிறது. கடலுக்குப் பக்கத்தில் அது ஒரு பெரிய வளைவு எடுக்கும். அந்த வளைவுக்குள் இருப்பது சிந்தாதிரிப்பேட்டை. 1734-இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், சுங்குராம செட்டியின் தோட்டம் இருந்த அந்த இடத்தில் நெசவாளர்களுக்காகவே ஒரு ஊர் உருவாக்கப்பட்டது. நூல் நூற்பவர்கள், நெய்பவர்கள், துணியில் சித்திரம் எழுதுபவர்கள், வெளுப்பவர்கள் ஆகியோர் குடியமர்த்தப்பட்டார்கள். "சின்னத் தறிப் பேட்டை"தான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்று சொல்வார்கள்.

ஒரு துணிக்கு இத்தனை தொழிலா என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் ஒரு பூப்போட்ட துணி எப்படித் தயாரானது என்று பார்த்தால் அது புரியும்.

சீட்டி எழுதும் வேலை

ஐரோப்பா மயங்கிய அந்தத் துணிக்கு அவர்கள் வைத்த பெயர் சிண்ட்ஸ். நம் பாட்டிகள் "சீட்டிப் பாவாடை" என்று சொன்ன அதே சீட்டி. ஆனால் சோழமண்டலக் கரையின் உயர்ந்த ரகச் சீட்டி அச்சுக்கட்டையில் குத்தியது அல்ல. கையால் வரைந்தது.

முதலில் துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊற வைப்பார்கள். பாலின் கொழுப்பு இருந்தால்தான் எழுதும்போது மை கசியாது. காகிதத்தில் ஊசியால் துளையிட்டு, அதன் மேல் கரித்தூள் தட்டிப் படத்தின் கோடுகளைத் துணியில் இறக்குவார்கள். கறுப்புக் கோட்டுக்குத் துருப்பிடித்த இரும்பை ஊற வைத்த புளித்த நீர். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகார நீர். பிறகு சாயவேர் போட்டுக் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். சாணத்தண்ணீரில் நனைத்து, ஆற்றில் அலசி, புல்லில் விரித்து வெயிலில் காயப்போட்டால் மீதி இடம் வெளுக்கும்.

அடுத்து நீலம். நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடிவிட்டு அவுரிச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள். பிறகு வெந்நீரில் மெழுகை உருக்கி எடுத்து, மறுபடி அலசல், மறுபடி வெயில். கடைசியில் மஞ்சள். நீலத்தின் மேல் மஞ்சள் பூசினால் பச்சை இலை தயார். ஆனால் அந்த மஞ்சள் மட்டும் நிலைக்காது. இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய சீட்டிகளில் இலைகள் நீல நிறத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான்!

இந்த ரகசியத்தைத் தெரிந்துகொள்ள ஐரோப்பியர்கள் பட்ட பாடும் கொஞ்சமல்ல. பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி 1734 வாக்கில் புதுச்சேரியில் ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, குறிப்போடு பாரீசுக்குக் கொண்டு போனார். கூர்தூ என்ற ஏசு சபைப் பாதிரியார் 1742-இல் இந்தச் செய்முறையை விரிவாகக் கடிதமாக எழுதி அனுப்பினார். கடிதம் அச்சாகி, அங்கிருந்த சாயத் தொழிலாளர்கள் கைக்குப் போனது.

ஒரு வருடக் கணக்கு

இந்தத் துணி லண்டன் போய்ச் சேர எவ்வளவு காலம் ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

குளிர்காலத்தில் இங்கிலாந்தில் புறப்படும் கப்பல், நம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு மதராஸ் வந்து சேர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அதில் வெள்ளி வரும். அந்த வெள்ளி கம்பெனியின் தலைமை வணிகர்கள் கைக்குப் போய், அங்கிருந்து ஊர் ஊராக நெசவாளர்களுக்கு முன்பணமாகப் போகும். பிறகு நூற்பது, நெய்வது, எழுதுவது, வெளுப்பது எல்லாம். தயாரான துணியைக் கோட்டையில் தரம் பிரிப்பார்கள். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல். மதராசில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். துணி மூட்டைகளை அலைகளைத் தாண்டிக் கப்பலில் சேர்த்தவை மசூலா படகுகள். அந்தப் படகுகளில் ஆணி கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். தைத்த படகில் ஏறித்தான், பின்னாளில் வேறு கைகள் தைக்கப் போகும் துணி பயணம் செய்தது!

பிறகு மறுபடி ஆறு மாதக் கடல் பயணம். லண்டனில் ஒருவர் "இந்த மாதிரி பூ வேண்டும்" என்று எழுதி அனுப்பினால், அந்தப் பூ அவர் கைக்கு வர இரண்டு வருடத்துக்குக் குறையாது.

துண்டுகூட வீணாகாத வீடுகள்

இத்தனை பாடுபட்டு வந்த துணியை யாராவது குப்பையில் போடுவார்களா? துவைத்தாலும் சாயம் போகாத பூத்துணி அவர்களுக்குப் புதிது. 1663-இல் லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்பவர் மனைவியின் அறைச் சுவரை மூட இந்தியச் சீட்டி வாங்கியதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கட்டிலுக்கு விரிக்கும் பெரிய சீட்டிக்குப் பாலம்போர் என்று பெயர். நடுவில் கிளை விரித்து நிற்கும் ஒரு பெரிய பூமரம் அதன் அடையாளம்.

உடை தைத்தது போக மிஞ்சிய துண்டுகளையும் பெண்கள் சேர்த்து வைத்தார்கள். வட இங்கிலாந்தில் லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் 1708 வாக்கில் தைத்ததாகச் சொல்லப்படும் படுக்கை விரிப்பும் கட்டில் திரைகளும் இருக்கின்றன. முழுக்க இந்தியச் சீட்டித் துண்டுகள். அந்த வீட்டுப் பெண்கள் தைத்தது என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

சட்டமும் கத்தரிக்கோலும்

இந்திய நெசவாளர் பிழைத்தால் ஆங்கில நெசவாளர் என்ன ஆவார்? அங்கே கம்பளியும் பட்டும் நெய்தவர்கள் கொதித்தார்கள். "ராபின்சன் குரூசோ" எழுதிய டேனியல் டீஃபோகூட, தரையில் கிடந்த இந்தியத் துணி இப்போது சீமாட்டிகள் முதுகில் ஏறிவிட்டது என்ற பொருளில் புலம்பினார். பிரான்ஸ் 1686-லேயே தடை போட்டு 1759 வரை வைத்திருந்தது. இங்கிலாந்தில் 1700-இல் ஒரு சட்டம் வந்து, வண்ணம் எழுதிய இந்தியத் துணிகளை உடுத்தத் தடை விதித்தது. அதுவும் போதவில்லை. 1719-இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் பருத்திச் சீட்டி உடுத்திப் போன பெண்களைத் துரத்தித் துணியைக் கிழித்தார்கள். 1721-இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. உடை மட்டுமல்ல, கட்டில், நாற்காலி, வீட்டுச் சாமான் எதிலும் வண்ணப் பருத்தித் துணி இருக்கக் கூடாது!

விரும்பும் துணிக்குத் தடை வந்தால் இருக்கும் துண்டுக்கு மதிப்பு கூடும். சீட்டியில் உள்ள பூவையும் பறவையையும் மட்டும் கவனமாகக் கத்தரித்து, வெள்ளைத் துணியில் இடம் விட்டு இடம் வைத்துத் தைக்கும் வேலை பிறகு பரவியது. நான்கு முழத் துணியில் இருந்த பூக்கள் ஒரு முழுப் போர்வையை நிரப்பிவிடும். இந்த முறை அமெரிக்காவுக்கும் போனது. அங்கே 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19-இன் தொடக்கத்திலும் தைத்த பல போர்வைகளின் நடுவில் நிற்பது நம் பாலம்போரின் அதே பூமரம்தான்.

திரும்பி வந்த அலை

தடை போட்ட காலத்தில் இங்கிலாந்து சும்மா இருக்கவில்லை. நம் சாயமுறையைக் கற்றது, இயந்திரத்தில் நூற்றது. 1774-இல் உள்நாட்டில் நெய்த வண்ணப் பருத்தித் துணிக்குச் சட்டம் வழி விட்டது. 1783-இல் தாமஸ் பெல் உருளை அச்சு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இங்கே ஒருவர் நாட்கணக்கில் எழுதிய பூவை அது நிமிடக்கணக்கில் அடித்துத் தள்ளியது. 19-ஆம் நூற்றாண்டில் கப்பல் எதிர்த்திசையில் துணி கொண்டு வந்தது. மான்செஸ்டர் சீட்டி மதராஸ் கடைகளில் விற்றது. சாயவேர் தோண்டியவர், சீட்டி எழுதியவர், அலசி வெளுத்தவர் என்று ஒரு சங்கிலியே அறுந்தது.

நம் பக்கத்து ஒட்டுத் தையல்

அப்படியானால் நம்மிடம் ஒட்டுத் தையலே இல்லையா? இருக்கிறது, வேறு பெயர்களில். தேர்த் திருவிழாவில் தேரின் நாலு பக்கமும் உருளை உருளையாகத் தொங்குமே, தொம்பை! வண்ணத் துணிகளை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தைப்பதுதான் அதுவும். தஞ்சை, கும்பகோணம் பக்கம் இதற்கென்றே கைவினைஞர்கள் இருக்கிறார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் பழந்துணியில் கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். மூலைகளில் "பூ" என்று ஒரு சின்ன முக்கோணத் துண்டு வைக்காவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்களாம். வங்காளத்தில் காந்தா. பழந்துணியைக் குறிக்கும் அந்த வடசொல்லும் நம் "கந்தை"யும் ஒரே குடும்பம்.

வீட்டுக்குள் பார்த்தால், பிறந்த குழந்தைக்குப் பாட்டியின் பழைய பருத்திப் புடவையை மூன்று நான்கு மடிப்பாக மடித்து, ஓரம் தைத்து விரிப்பது பல வீடுகளில் வழக்கம். அதுவும் குயில்ட்தான். ஆனால் அதை யாரும் கலை என்று சொல்லவில்லை, அருங்காட்சியகத்தில் வைக்கவும் இல்லை. கிழியும் வரை உழைத்து, கடைசியில் கரித்துணியாகப் போய்விடும்.

யார் எழுதிய பூ?

கையால் தைத்த போர்வை ஒன்றைக் காட்டி, "இதைத் தைக்க ஒரு வருடம் ஆனது" என்று ஒருவர் சொன்னால் எல்லோரும் வியப்பார்கள். வியக்க வேண்டியதுதான். ஆனால் பழைய போர்வைகளைப் பொறுத்தவரை அந்த ஒரு வருடம் கதையின் பின்பாதி மட்டும். அதற்கு முன்னால் கடலில் ஒரு வருடம், தறியிலும் சாயத் தொட்டியிலும் ஆற்றங்கரையிலும் பல மாதங்கள்.

தைத்தவர் யார் என்று லெவன்ஸ் ஹாலில் குடும்பக் கதையாவது மிஞ்சியிருக்கிறது. அருங்காட்சியகங்களில் பாலம்போர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சீட்டில் பெரும்பாலும் "சோழமண்டலக் கரை" என்று மட்டும் இருக்கும். எழுதியவர் பெயர் இருக்காது. எந்தக் கணக்குப் புத்தகமும் அவர் பெயரைக் கேட்கவில்லை, துணியின் நீள அகலத்தையும் விலையையும்தான் கேட்டது. சென்னை என்ற நகரம் அந்தத் துணியை நம்பித்தான் பிறந்தது. ஆனால் சென்னையின் தெருப் பெயர்களில் ஆளுநர்கள் இருக்கிறார்கள், வணிகர்கள் இருக்கிறார்கள், சீட்டி எழுதியவர் ஒருவர்கூட இல்லை. அவர்கள் விட்டுப்போன கையெழுத்து, முன்னூறு வருடமாகச் சாயம் போகாத அந்தச் சிவப்பு மட்டும்தான்.