இதழியற் கல்வியும் பணியிடமும்: இந்திய முயற்சிகள் சில

செய்தித்தாள் அலுவலகத்திற் சேர்ந்தே தொழில் கற்கும் வழக்கம் நிலவிய இந்தியாவில், இதழியலைக் கல்லூரிப் பாடமாக்கும் முயற்சி 1920இல் அடையாற்றில் தொடங்கியது. அங்கிருந்த தேசியப் பல்கலைக்கழகத்தில் அப்பாடத்தை ஏற்படுத்திய அன்னி பெசண்ட், தாம் நடத்திய ‘நியூ இந்தியா’ நாளிதழின் அலுவலகத்தையே மாணவரின் பயிற்சிக் களமாக்கினார். கற்பிப்பவரும் பணி தரக்கூடியவரும் ஒருவராயிருந்தமை இம்முயற்சியின் வலிமை. அது நிலைபெறாமற் போனதற்கும் ஒருவரையே சார்ந்திருந்தமை காரணமாகலாம்.

1938இல் சர் ஷா முகம்மது சுலைமான் அலிகாரில் தொடங்கிய வகுப்பும் நீடிக்கவில்லை. 1941இல் லாகூரில் பி. பி. சிங் நிறுவிய பஞ்சாப் பல்கலைக்கழகத் துறையோ, பிரிவினைக்குப்பின் டில்லியில் இயங்கி, 1962இல் சண்டிகரை அடைந்தது. இருமுறை இடம்பெயர்ந்தும் அது அறுபடவில்லை. தனியொருவரின் வகுப்பாக அன்றிப் பல்கலைக்கழகத் துறையாக அமைந்ததன் பயன் இது எனலாம். சென்னையில் 1947இலும் மைசூரில் 1951இலும் இக்கல்வி தொடங்கியது.

1965 ஆகஸ்டு 17இல் டில்லியில் தோன்றிய இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம், முதற்கண் மத்தியத் தகவல் பணி அலுவலர்க்கே பயிற்சியளித்தது. இங்குப் பணி முந்தியது, படிப்பு பிந்தியது. படித்தபின் எங்குச் செல்வது என்னும் வினா அவர்க்கில்லை. பல்கலைக்கழக மாணவர்க்கு அவ்வினா இருந்தது. பட்டயம் கேளாமலே ஆள் சேர்த்த நாளிதழ்கள் பல.

பின்னர் நாளிதழ் நிறுவனங்களே கல்லூரி தொடங்கின. 1994இல் இந்தியன் எக்ஸ்பிரஸ் குழுமம் பெங்களூரில் தொடங்கிய ஆசிய இதழியல் கல்லூரி, 2000இல் வேறு அறக்கட்டளையின்கீழ்ச் சென்னைக்கு வந்தது.