மின்சாரம் போனாலும் மறக்காத காந்தம்: வெப்பம் என்ன செய்கிறது?

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் சொல்வதைக் கணினியில் பதிவுசெய்யும் எனக்கு, அது சேமிக்காத வரிகள் அழியும் காலம். கணினியின் வேலை நினைவகம் மின்சாரம் உள்ளவரைதான் எதையும் வைத்திருக்கும்.

காந்தம் அப்படியல்ல. 90களில் யாழ்ப்பாணம் மின்சாரமின்றிக் கிடந்தபோதும் கசற் நாடாக்கள் தம் பாட்டை மறக்கவில்லை. இந்த இயல்பை நினைவகத்துக்கும் கொண்டுவர முடியும். ஆனால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் காந்தத்தின் திசையைத் திருப்ப வேண்டும். அதற்கு மின்னோட்டம் செலவாகும்.

செலவைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று 'ஸ்பின்–ஓர்பிட் முறுக்கம்'. இதற்கு ஆராயப்படும் பொருள்களுள் ஒன்று இடத்தியல் காவலி. அதன் உட்பகுதி மின்னைக் கடத்தாது, மேற்பரப்பு கடத்தும். அங்கே ஓடும் இலத்திரனின் ஸ்பின், அதாவது அதன் நுண்காந்தத் திசை, ஓடும் திசைக்குச் செங்குத்தாகப் பூட்டப்பட்டிருக்கும். மின்னோட்டம் பாயும்போது ஒரே பக்கம் சாய்ந்த இந்த ஸ்பின்கள், மேலே படிந்துள்ள காந்தப் படலத்தை முறுக்கித் திருப்பும்.

இங்கேதான் வெப்பநிலை குறுக்கிடுகிறது. 2015இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிஸ்மத் செலினைட் படலத்தை அளந்தபோது, 50 கெல்வினுக்குக் (−223 பாகை செல்சியஸ்) கீழே முறுக்கம் சடுதியாக உயர்ந்து, அறை வெப்பநிலையில் இருந்ததைவிட ஏறத்தாழ 10 மடங்கானது. குளிரில் மேற்பரப்பின் பங்கு மேலோங்குவதே காரணம் என்று அவர்கள் கருதினர். நடைமுறையில் இப்படலங்களின் உட்பகுதியிலும் மின் கசியும். கசியும் பங்கு முறுக்கத்துக்குப் பெரிதாக உதவாது.

−223 பாகையில் இயங்கும் நினைவகம் நமக்குப் பயன்படாது. 2017இல் அதே பல்கலைக்கழகத்தினர் படலத்தை மெல்லியதாக்கி, உட்பகுதியின் பங்கைக் குறைத்து, அறை வெப்பநிலையிலேயே காந்தத்தைத் திருப்பிக் காட்டினர்.

வெப்பம் காந்தப் படலத்தையும் உலுக்கும். சூடேறினால் திருப்புவது இலகு. தானாகத் திரும்பி, எழுதியதை இழக்கும் ஆபத்தும் கூடும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில், அதனிலும் சூடான கணினிக்குள் இரண்டும் சமநிலையில் நிற்க வேண்டும்.

இடத்தியல் காவலி நினைவகம் இன்னும் ஆய்வுகூட நிலையில்தான் உள்ளது. வந்தாலும் அது மின்வெட்டைத்தான் தாங்கும், தீயை அல்ல. 1981இல் யாழ் நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகள் திரும்பவில்லை. ஆகவே உங்கள் வீட்டுச் சாட்சியங்களையும் படங்களையும் இன்றே இரண்டு இடங்களில் பிரதியெடுத்து வையுங்கள்.